மைக் அக்கா எழுதிய பரீட்சைகள்

எங்கள் வீட்டு வசதிச் சங்க அலுவலகத்துக்குள் யார் நுழைந்தாலும் முதலில் காதில் விழுவது மைக் அக்காவின் குரல். வரவேற்பு மேசை அவளுடையது. மூன்றாம் மாடியில் தண்ணீர் ஒழுகுகிறது என்று யாராவது போன் செய்தால், அவள் பதில் போனே இல்லாமல் மூன்றாம் மாடிக்குக் கேட்டுவிடும் என்பார்கள். அதனால் வந்த பெயர். நான் அங்கே படிக்கட்டும் தாழ்வாரமும் துடைப்பவள். எனக்கு அவள் வைத்த பெயர் பூனை. "வர்றதும் தெரியல, போறதும் தெரியல. உன் கழுத்துல ஒரு மணி கட்டிவிடணும்டி," என்பாள்.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா போன பிறகு தம்பிகளைப் படிக்க வைத்தாள். அவர்கள் இப்போது தூரத்து ஊர்களிலிருந்து போனில் நலம் விசாரிக்கிறார்கள். யார் வேலையானாலும் இழுத்துப் போட்டுக்கொள்வாள். காவலாளியின் விடுப்பு விண்ணப்பம், எலக்ட்ரீஷியனின் மகளுக்குப் பள்ளியில் இடம், எல்லாவற்றுக்கும் அவள்தான். சங்கத்தில் குழாய் வேலை பார்க்கும் என் அண்ணனைச் சேர்த்துவிட்டதும் அவளே. அவன் பின்னால் நானும் வந்தேன்.

போன வருடம் கம்ப்யூட்டர் பாடம் வந்தது. அதுவரை பயிற்சி என்றால் யாராவது வந்து பேசுவார், நாங்கள் பின்வரிசையில் தூங்குவோம். இனி ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு. படம் ஓடும், முடிவில் கேள்விகள் வரும். சுவரில் பூஞ்சை என்று புகார் வந்தால் என்ன செய்வது, வாடகைக்கு இருப்பவரின் சாவியை எங்கே வைப்பது, ஏணியில் எப்படி ஏறுவது, இப்படி. ஸ்டோர் ரூமில் ஒரே ஒரு கம்ப்யூட்டர், சாய்ந்தால் பின்னால் தள்ளிவிடும் நாற்காலி. வேலை முடித்துவிட்டு அங்கே உட்கார்ந்தால் கண் சொக்கும். நான் மட்டும் எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தேன். பள்ளியைப் பாதியில் விட்டவளுக்கு, யாரும் பார்க்காமல் பரீட்சை எழுதுவது பிடித்திருந்தது.

நிர்வாகக் குழு பார்வையிட வரும் நாள் நெருங்கியது. பாதிப் பேர் பாடத்தைத் தொடவே இல்லை. பயிற்சி அதிகாரி வரவேற்பு மேசையில் சாய்ந்து குரலைத் தழைத்தார்.

"அக்கா, நீங்க மனசு வெச்சா நடக்கும். மிச்சம் இருக்கறவங்களுக்கு நீங்களே போட்டு விட்டுடுங்க. பிறகு நான் உக்கார வெச்சு சொல்லிக் குடுத்துக்கறேன்."

"தப்பில்லையா சார்?"

"எல்லாம் நம்ம ஆளுங்கதானே. நான் இருக்கேன்ல?"

பக்கத்தில் கண்ணாடிக் கதவைத் துடைத்துக்கொண்டிருந்த என்னை அவர் கவனிக்கவில்லை.

ஒவ்வொருவராக வந்து பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டுப் போனார்கள். அண்ணன், "அக்கா, எனக்குத்தான் முதல் மார்க், சொல்லிட்டேன்," என்று மிரட்டல் வேறு விட்டான்.

"உனக்கு முதல் மார்க் வந்தா மெஷினே நம்பாதுடா. ஒண்ணாவது தப்பா போட்டாத்தான் நீ எழுதின மாதிரி இருக்கும்."

சொன்னபடியே செய்தாள். எல்லோருக்கும் சரியாகப் போட்டவள், துணையாள் இல்லாமல் ஏணியில் ஏறலாமா என்ற கேள்விக்கு, அண்ணன் பெயரில் மட்டும் 'ஏறலாம்' என்று போட்டாள். மெஷின் விடவில்லை. ஏணிப் படத்தை மறுபடி ஓட்டி, 'புரிந்தது' என்ற பொத்தானை அழுத்தச் சொன்னது. சிரித்துக்கொண்டே அழுத்தினாள்.

மழைக்காலத்தில் அண்ணன் தனியாக ஏணி வைத்து மொட்டை மாடித் தொட்டிக்கு ஏறினான், வழுக்கி விழுந்தான். கணுக்கால் உடைந்தது. கட்டுப் பிரிக்கும் முன்பே விசாரணைக்கு நாள் குறித்தார்கள். மற்றவர்கள் ஒருமுறை பார்த்த பாடத்தை இவர் இரண்டு முறை பார்த்தவர், புரிந்தது என்று ஒப்புக்கொண்டவர். அப்படியும் தனியாக ஏறினார் என்றால் எப்படி வேலையில் வைத்துக்கொள்வது என்று அலுவலகத்தில் பேசினார்கள். அண்ணி அழுத அழுகையில் வீடே இழவு வீடு மாதிரி இருந்தது.

அன்று மாலையே அக்கா வந்தாள். "நான்தான் எழுதினேன்னு சொல்லிடறேன். சார் சொல்லித்தான் செஞ்சேன்னு அவரும் சொல்வார். பாஸ்வேர்டு குடுத்ததை மட்டும் நீ மறைக்காம சொல்லிடு. உன் வேலை போகாதுடா." அண்ணன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

விசாரணை அறைக்கு டீ கொண்டுபோகும் வேலை எனக்கு. அக்கா ஒன்று விடாமல் சொன்னாள். அவ்வளவு சின்னக் குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை. சங்கச் செயலாளர் பயிற்சி அதிகாரியைப் பார்த்தார்.

"நானா? இப்படி ஒரு வார்த்தை என் வாயில வருமா சார்?" என்றார் அவர், நாக்குக் கூசாமல்.

செயலாளர் அண்ணன் பக்கம் திரும்பினார். "பாஸ்வேர்டை நீங்க குடுத்தீங்களா?"

அண்ணன் தன் ஊன்றுகோலைப் பார்த்தான். "இல்ல சார். அவங்களா எடுத்திருப்பாங்க."

அக்கா திரும்பிப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. எங்கேயோ பார்த்த முகம், யாரென்று நினைவு வரவில்லை என்பதுபோல ஒரு பார்வை.

"சார் சொன்னதை நான் கேட்டேன்," என்றேன். "அண்ணனும் குடுத்தான்."

"நீங்க டீயை வெச்சிட்டுப் போங்கம்மா," என்றார் செயலாளர்.

அண்ணனுக்கு வேலை தங்கியது. அக்காவை அனுப்பிவிட்டார்கள். அவள் கிளம்பிய நாளில், பாஸ்வேர்டு சொல்ல மேசைக்கு வந்த அத்தனை பேருக்கும் மேல் மாடியில் அவசர வேலை. நான்தான் பையைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை போனேன். "உனக்கும் வாய் இருக்குன்னு அன்னைக்குத்தாண்டி தெரிஞ்சுது," என்றாள்.

அண்ணனிடம் கேட்டேன். "அவங்களுக்கென்ன, குடும்பமா குட்டியா? எனக்கு இருக்கே," என்றான். அதோடு அவன் வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

போன மாதம் புதுப் பாடம் ஒன்று வந்தது. படத்தில், வரவேற்பு மேசைக்குப் பின்னால் ஒரு பொம்மைப் பெண் மற்றவர்களின் பாஸ்வேர்டைத் திருடுகிறாள். ஏமாந்த குழாய்க்காரர் தன் கதையைச் சொல்கிறார். அது அண்ணனின் குரல். முடிவில் ஒரு கேள்வி: இந்தப் பெண் உடன் வேலை செய்தவர்களுக்குத் துரோகம் செய்தாரா?

'இல்லை' என்று அழுத்தினேன். படம் முதலிலிருந்து ஓடியது. மறுநாளும் அப்படியே.

"முடிக்காதவங்களை வேலையில வெச்சுக்க முடியாதும்மா," என்றார் பயிற்சி அதிகாரி. "'ஆம்'னு ஒரு தடவை அழுத்துங்க, தீர்ந்தது."

"சரி சார்," என்றேன். ஸ்டோர் ரூமுக்குப் போய் உட்கார்ந்தேன். அண்ணன் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, 'இல்லை'யை அழுத்தினேன்.