யாரும் மறுக்காத இடம்

என் தங்கைக்கு வீட்டில் பெயர் நண்டு. நேராக நடக்க வேண்டிய எதையும் பக்கவாட்டில் நடந்து முடித்துவிடுவாள் என்பதால் அம்மா வைத்த பெயர் அது. சிறு வயதில் வீட்டைப் பெருக்கச் சொன்னால் துடைப்பத்தைத் தொடமாட்டாள். தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, "இது அண்ணன் பங்கு, இது அப்பா பங்கு" என்று பிரித்துக் காட்டிவிட்டு, தன் பங்கு முழுவதையும் மறைக்கிற மாதிரி கட்டிலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். இப்படிப்பட்டவளுக்கு நகராட்சியின் திட்டப் பிரிவில் வேலை கிடைத்தபோது எங்கள் வீட்டில் யாரும் ஆச்சரியப்படவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கண்ணாடி வெட்டிப் படங்களுக்குச் சட்டம் போடுவது என் தொழில். அதில் ஒரு நூல் பிசகினாலும் கண்ணாடி உள்ளே இறங்காது. ஆகவே இதில் கண்ணால் பார்த்ததைப் பார்த்தபடியும், பார்க்காததை அவளிடம் இரண்டு தடவை கேட்டும் எழுதியிருக்கிறேன்.

அவள் முதலில் இருந்தது வரைபட அறையில். ஜன்னல் இல்லாத நீள அறை, இரண்டு பக்கமும் இரும்பு அலமாரி. எந்தத் தெருவில் கால்வாய், எந்த முனையில் விளக்கு என்று மாடியில் முடிவு செய்து ஒரு தாளில் எழுதி அனுப்புவார்கள். இவள் வரைந்து கொடுப்பாள். கட்டி முடித்த பிறகு தெருக்காரர்கள் வந்து கத்துவார்கள். வாசலில் நுழைந்ததும் முதல் அறை இவளுடையது என்பதால் கத்தலும் இவளுக்குத்தான்.

"எப்படியும் கத்தத்தான் போறாங்க. அதை முன்னாடியே கத்த வெச்சா என்ன?" என்று அவள் கேட்க ஆரம்பித்தது அந்த அறையில்தான். பார்த்தவர்களிடமெல்லாம் கேட்டாள். தொல்லை தாங்காமல் ஒரு சோதனைக்கு அனுமதி கொடுத்தார்கள்.

சோதனை இதுதான். எங்கள் பகுதியின் வரைபடத்தை இணையத்தில் போடுவது. யார் வேண்டுமானாலும் கைப்பேசியில் அதைத் திறந்து, ஓர் இடத்தில் விரலை வைத்துத் தன் கருத்தை எழுதலாம். அடுத்தவர் கருத்துக்குக் கீழே பதிலும் எழுதலாம். எல்லாவற்றையும் ஒரு ஏஐ படித்துச் சுருக்கும். வண்டி திரும்ப இடம் இருக்கிறதா, ஜனங்கள் நடக்கிற தூரத்தில் இருக்கிறதா என்றும் பார்த்து, மறுப்பு மிகக் குறைவாக உள்ள இடத்தில் பச்சைப் புள்ளி வைக்கும். முதல் கேள்வி, பொதுக் குப்பைத் தொட்டிகளை எங்கே வைப்பது என்பது.

"குப்பையிலயா ஆரம்பிக்கறே? பூங்கா மாதிரி நல்லதா ஒண்ணு கிடைக்கலையா?" என்றேன்.

"பூங்கான்னா எல்லாரும் எங்க வீட்டுக்கிட்ட வைங்கன்னுவாங்க. அதுல என்னண்ணா சுவாரஸ்யம்?"

சுவாரஸ்யம் அவளுக்கு, பயம் எனக்கு. சரியாக வந்தால் அவளுக்குத் தனிப் பிரிவு, இல்லாவிட்டால் மறுபடியும் அந்த ஜன்னல் இல்லாத அறை. தலைமை அதிகாரி இதை முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

வரைபடம் திறந்ததும் எங்கள் பகுதி வேலை வெட்டியை மறந்தது. மருந்துக்கடைக்காரர் தன் கடை வாசலில் விரலை வைத்து எழுதினார்: "இங்க தொட்டி வெச்சா, தலைவலிக்கு மாத்திரை வாங்க வர்றவன் வயித்து வலியோட திரும்புவான். சலவைக்கடை வாசல் நல்லா அகலமா இருக்கு."

கால் மணி நேரத்தில் சலவைக்கடை அக்காவிடமிருந்து பதில்: "வெளுத்த துணியில குப்பை வாடை வந்தா யார் பொறுப்பு? உங்க கடையிலதான் மூக்கை மூடறதுக்குப் பெட்டி பெட்டியா மாஸ்க் இருக்கே, மாட்டிக்க வேண்டியதுதானே?"

அதற்குக் கீழே இருபது பேர் சிரித்திருந்தார்கள்.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் உட்பிரிவுகள் போட்டு நான்கு பக்கம் எழுதினார். ஏஐ அதை ஒரே வரியாகச் சுருக்கியது: "இவர் வீட்டருகே வேண்டாம்." வாத்தியார் நேரே அலுவலகத்துக்கே போய்விட்டார்.

"நாலு பக்கம்மா! நாலு பக்கத்துக்கும் சேர்த்து இவ்வளவுதானா?"

"ஏதாவது விட்டுப்போச்சா சார்?"

வாத்தியார் திரையை மேலும் கீழும் பார்த்தார். "விட்டுப்போகல. ஆனா ஒரு மரியாதை வேண்டாமா?"

நண்டு அங்கேயே அந்த ஏஐக்கு ஏதோ கட்டளை கொடுத்தாள். வரி மாறியது: "மதிப்பிற்குரிய இவர் வீட்டருகே வேண்டாம்." வாத்தியார் திருப்தியாகக் கிளம்பினார். அன்றைக்கு அவள் கொடுத்த கட்டளையால் எங்கள் பகுதியில் எல்லாருமே மதிப்பிற்குரியவர்கள் ஆனார்கள், மருந்துக்கடைக்காரர் உட்பட. சலவைக்கடை அக்கா அதையும் ஆட்சேபித்து எழுதினார்.

நடுவில் ஒருநாள் நண்டு மாடிக்குப் போய், "சார், நீங்களும் எழுதலாம். இந்த அலுவலகமும் நம்ம பகுதியிலதானே இருக்கு?" என்று சொல்லியிருக்கிறாள். தலைமை அதிகாரியும் பொறியாளரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்களாம். "அது பொதுமக்களுக்கும்மா," என்றாராம் அதிகாரி. இவள் வேறொன்றும் பேசாமல் இறங்கி வந்துவிட்டாள். பக்கவாட்டில் நடக்கிற ஆள் திடீரென்று நேராக நடந்தால் எனக்குச் சந்தேகம் வரும். அன்று வந்தது.

நகரமன்றக் கூட்டத்துக்குப் பொதுமக்களும் போகலாம். நான் கடையைச் சாத்திவிட்டுப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் மருந்துக்கடையும் சலவைக்கடையும், நடுவில் நான்கு நாற்காலி இடைவெளி விட்டு. மேடையில் தலைவர் அம்மா, பக்கத்தில் தலைமை அதிகாரி. நண்டு கணினியோடு ஓரத்தில் நின்றாள்.

அதிகாரி எழுந்தார். "இந்த ஏஐக்கு வேண்டியவங்க, வேண்டாதவங்கன்னு கிடையாது. அது எந்த இடத்தைக் காட்டுதோ, பேச்சே இல்லாம நாம ஏத்துக்கணும்," என்று கைதட்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

நண்டு ஒரு பொத்தானை அழுத்தினாள். சுவர் முழுக்க வரைபடம். பச்சைப் புள்ளி நகராட்சி அலுவலக வாசலில், இரும்புக் கதவுக்கு இடது பக்கம், அதிகாரி தினமும் கார் நிறுத்துகிற இடத்தை ஒட்டி உட்கார்ந்திருந்தது.

முதலில் சலவைக்கடை அக்கா சிரிக்க ஆரம்பித்தார், பிறகு கூடமே சிரித்தது.

"இதுல ஏதோ கோளாறு இருக்கு," என்றார் அதிகாரி.

"இல்ல சார். வண்டி திரும்ப இடம் இருக்கு, எல்லாத் தெருவுக்கும் கிட்ட இருக்கு. இந்த இடத்துக்கு மட்டும் மறுப்பு ஒண்ணுகூட வரல."

"இங்க யாரும்மா மறுக்கறது?"

"இங்க இருக்கறவங்கதான் சார்."

பொறியாளர் எழுந்து அவள் பக்கம் வந்து குனிந்து ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. அவள் பதில்தான் நன்றாகக் கேட்டது.

"நகர்த்தலாம் சார். எந்தப் பக்கம் நகர்த்தணும்? மருந்துக்கடைப் பக்கமா, சலவைக்கடைப் பக்கமா?"

இரண்டு கடைகளும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றன. அந்த இருவரும் ஒரே விஷயத்துக்குச் சேர்ந்து கத்தியதை அன்றுதான் பார்த்தேன்.

அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. "இந்த விளையாட்டுக்கு ஒரு தனிப் பிரிவு தேவையான்னு யோசிக்கணும்," என்றார். ஜன்னல் இல்லாத அந்த அறை கண் முன்னால் வந்து நின்றது. நண்டு மட்டும் அசையவில்லை.

"யோசிங்க சார். ஆனா கருத்து எழுதறதுக்கு இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு. நீங்களும் மறுப்பு எழுதினா அதையும் கணக்குல எடுத்துக்கும். உங்களை மட்டும் விட்டுட்டா அது தப்பாயிடும்."

தலைவர் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு, "எழுதுங்களேன், அதான் நேரம் இருக்கே," என்றார். கூட்டம் சாயங்காலத்துக்குத் தள்ளிப்போனது.

அதிகாரி தன் கைப்பேசியை எடுத்து, முதல் தடவையாக அந்த வரைபடத்தில் விரலை வைத்தார். அவர் எழுதியது எல்லாருடைய கைப்பேசியிலும் தெரிந்தது: "இது அலுவலகத்தின் மாண்புக்கு உகந்ததல்ல." உடனே கீழே மருந்துக்கடைக்காரர்: "எங்க கடைக்கு மாண்பு கிடையாதா?" அதற்கும் கீழே சலவைக்கடை அக்கா: "அவர் சொல்றது சரி." இந்த மூன்று வார்த்தைக்கு மேலே மருந்துக்கடையை அக்கா பாராட்டியதில்லை.

சாயங்காலம் ஏஐ சுருக்கிக் கொடுத்தது. மருந்துக்கடை: நோயாளிகள் வருகிறார்கள். சலவைக்கடை: துணியில் வாடை ஏறும். அலுவலகம்: மறுப்பு உண்டு, காரணம் எதுவும் குறிப்பிடப்படவில்லை.

பச்சைப் புள்ளி இருந்த இடத்திலேயே இருந்தது.

தலைவர் அம்மா கை தூக்கச் சொன்னார். ஏறக்குறைய எல்லாக் கைகளும் உயர்ந்தன. "தொட்டி இங்கேயே இருக்கட்டும். பிரிவும் இருக்கட்டும்," என்று முடித்தார். வெளியே வந்ததும் நண்டிடம், "முன்னாடியே உனக்குத் தெரியும்தானே?" என்று கேட்டேன்.

"நான்தான் எழுதச் சொன்னேனே அண்ணா. எழுதாதது யார் தப்பு?"

தொட்டிகள் வந்துவிட்டன. எங்கள் பகுதியிலேயே சுத்தமான இடம் இப்போது அதுதான். வண்டி கொஞ்சம் தாமதித்தாலும் அதிகாரியே தொலைபேசியில் கூப்பிட்டு விரட்டுகிறார். தங்கையின் புது அறையில் இரண்டு ஜன்னல். அளந்து, கண்ணாடி நானே போட்டுக் கொடுத்தேன்.

போட்ட அன்று தலைமை அதிகாரி உள்ளே வந்தார். அடுத்ததாகப் பேருந்து நிறுத்தத்தைப் பற்றிக் கேட்கப் போகிறார்களாம். அவள் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கைப்பேசியில் ஒற்றை விரலால் தட்டி, "மறுக்கிறேன்னு போட்டுட்டேன். அனுப்பிடவா?" என்றார்.

"காரணம் எழுதுங்க சார்," என்றாள் என் தங்கை, தலையை நிமிர்த்தாமலே.