கீழே நிற்பது யார்?

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனால் எழுபதுகளில் புதுச்சேரியில் சாரம் கட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. சவுக்குக் கழியும் கயிறும் கொடுத்தால் கோபுரத்துக்கே கட்டிவிடுவேன். தனியாக மேஸ்திரி ஆனதும் வந்த முதல் வேலை, பிரெஞ்சு பட்டாளத்து பென்ஷன் வாங்கும் ஒரு சொல்தாவின் மாடி வீட்டுக்கு வெள்ளையடிப்பது.

"திங்கக்கிழம ஆளோட வரலன்னா வேற மேஸ்திரிய பாத்துக்குவேன்" என்று சொல்லிவிட்டார்.

கருவடிக்குப்பம் டீக்கடையில்தான் காலையில் ஆட்கள் நிற்பார்கள். போய்க் கூப்பிட்டேன். ஒருவரும் அசையவில்லை. மில் வேலையை விட்டுவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்த அந்துவான் அண்ணன்தான் வாயைத் திறந்தார்.

"உன் கைவேலைய யாரும் குறை சொல்லல தம்பி. ஆனா நீ கண்ணுசாமி மேஸ்திரிகிட்ட இருந்தவன். ஆள் உழுந்ததும் சைக்கிள எடுத்துகினு பறந்தாரே, அந்த கண்ணுசாமி."

"ஓடுனது அவரு. நானா ஓடுனேன்?"

"நீ ஓட மாட்டேன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

சொல்லிவிட்டு எல்லோரும் ராஜி மேஸ்திரி பின்னால் போய்விட்டார்கள். ராஜி நல்ல மனுஷர். ஆனால் அவர் கட்டும் சாரம் சாராயக் கடையிலிருந்து வருகிறவன் மாதிரி நிற்கும்.

வெள்ளிக்கிழமை அவர் வேலை செய்யும் இடத்துக்கு வேடிக்கை பார்க்கப் போனேன். நான் நினைத்தபடியே சாரம் சாய்ந்தது. ராஜி ஓடிப்போய்க் கழிக்குத் தோள் கொடுத்தார்.

"ஒவ்வொருத்தனா எறங்குங்கடா! நான் புடிச்சிகினு இருக்கேன்!"

சாலையைத் தாண்டி நான் ஓடுவதற்குள் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அவர் தோளை எடுத்தார். சாரம் மடமடவென்று சரிந்தது. சுண்ணாம்பு வாளி அவர் தலையிலேயே கவிழ்ந்தது.

இனி இவரிடம் எவன் போவான்? மறுநாள் டீக்கடைக்குத் தெம்பாகப் போனேன். அத்தனை பேரும் அவரைச் சுற்றித்தான் நின்றார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"ராஜி அண்ணே, சொல்தா வீட்டுக்கு நீங்க மேஸ்திரியா வாங்க. சாரத்த நான் கட்டறேன்."

அந்துவான் அண்ணன் பெரிதாக மூச்சு விட்டார். "அப்பாடா! இவரு சாரத்துல ஏற, தெனமும் பொண்டாட்டிகிட்ட மூணுதரம் சொல்லிகினு கிளம்புனேன். இனிமே ஒருதரம் போதும்."

வேலை தெரிந்தால் ஆட்கள் தானாக வருவார்கள் என்று நினைக்கிற தம்பிகளுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். சாயாமல் கட்டுவதை ராஜி அண்ணனுக்கு நான் சீக்கிரமே கற்றுக் கொடுத்துவிட்டேன். ஓடாமல் நிற்பதை யாரும் அவருக்குக் கற்றுக் கொடுக்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை சொல்தா வீட்டில் முதலில் ஏறியவன் நான். கீழேயிருந்து ராஜி அண்ணன் குரல் கொடுத்தார்: "நான் இங்கதான் இருக்கேன் தம்பி."

பயம் என்பது எனக்கு என்றைக்குமே கிடையாது. ஆனாலும் கழியை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் சுண்ணாம்பு மட்டையைப் பிடித்து அடித்தது அன்றைக்குத்தான்.