வெறும் வயிற்றோடு வா என்றார்கள்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் சென்னையில் இறங்கப்போகும் விமானங்கள் தெரியும். எங்கள் ஊரான உத்திரமேரூரைத் தாண்டும்போதே அவை கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ ஆரம்பித்துவிடும். எது எங்கிருந்து வருகிறது என்று கைபேசியைப் பார்க்காமலே சொல்வேன். சொல்லி என்ன பிரயோசனம்? விமானம் ஓட்டப் படித்தவள் கீழே நின்று ஈரப் புடவையை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன்.

உரிமம் வாங்கி இரண்டு வருடம் ஓடியிருந்தது. வாங்கினால் வேலை தானாக வரும் என்று ஊரே நினைத்தது. நானும்தான் நினைத்தேன். அப்படி இல்லை. ஏதாவது ஒரு கம்பெனி ஆள் எடுக்க வேண்டும், எழுத்துத் தேர்வு வைக்க வேண்டும், நேரில் கூப்பிட வேண்டும், அதற்குப் பிறகு அவர்கள் ஓட்டும் விமானத்துக்கென்று தனிப் பயிற்சி. ஒரு மாதம் புது விமானங்கள் குவியப்போகின்றன என்று செய்தி வரும். வீட்டில் பாயசம் வைக்காத குறை. அடுத்த மாதம் இருக்கிற விமானங்களே உதிரிப் பாகம் இல்லாமல் தரையில் நிற்கின்றன என்று வரும். இந்த இரண்டு செய்திக்கும் நடுவே என் நாட்கள் போயின. இன்னும் கொஞ்ச காலத்தில் விமானம் தன்னைத் தானே ஓட்டிக்கொள்ளுமாமே என்று கரிசனமாக விசாரிப்பவர்கள் வேறு. அவர்களுக்கு வாயில் நல்ல பதில் வந்தாலும் விழுங்கிக்கொள்வேன்.

பக்கத்தில் பெருநகர் கிராமத்தில் எங்களுக்கு இருந்த நெல் நிலம் என் பயிற்சிக்குப் போய்விட்டது. அதைப் பற்றி அப்பா ஒரு நாளும் பேசியதில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அப்பா பெருமாள் கோயில் மடப்பள்ளியில் தளிகை செய்பவர். விடிவதற்கு முன்னால் அடுப்பு மூட்டி, பெருமாளுக்கு அமுது செய்வித்து, வீட்டுக்கு வரும்போது தொன்னையில் பிரசாதம் கொண்டுவருவார். வெறும் கையோடு அவர் கோயிலிலிருந்து வந்து நான் பார்த்ததே இல்லை.

என்னோடு பயிற்சியில் இருந்து வேலையும் கிடைத்துவிட்ட தோழி ஒருத்தி அவ்வப்போது கூப்பிடுவாள்.

"வந்துடாதடி இந்த வேலைக்கு. தூக்கம்னா என்னன்னே மறந்துபோச்சு. தீபாவளிக்கு எல்லாரும் வீட்டுல இருக்காங்க, நான் எங்கேயோ ஓட்டல் ரூம்ல உக்காந்து இட்லி கிடைக்குமான்னு தேடறேன்" என்பாள். அதே மூச்சில், "ஆனா நேத்து பாரு, ஒரே மழை, ஒண்ணும் தெரியல. மேகத்தைக் கிழிச்சுண்டு மேல வந்தோம், அப்பத்தான் சூரியன் கிளம்பறான். பேச்சே வரல" என்பாள். அவள் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருக்கும். வேண்டாம் என்று சொல்ல வந்தவள் அதை முழுசாகச் சொல்லிவிட்டுப் போகக் கூடாதா?

போன மார்கழியில் ஒரு கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. தை நடுவில் தேர்வு. மருத்துவச் சான்று நடப்பில் இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. விமானிக்கு வருடா வருடம் உடம்பைச் சோதித்து, பறக்கத் தகுதி என்று எழுதித் தர வேண்டும். என் சான்று அந்த மாதத்தோடு முடிகிறது. சென்னையில் அதற்கென்று இருக்கும் டாக்டரிடம் நாள் வாங்கினேன். வெறும் வயிற்றோடு வாருங்கள் என்றார்கள். அந்த நாள் கூடாரவல்லியாக, மார்கழி இருபத்தேழாக, அமைந்தது.

கூடாரவல்லிக்குப் பெருமாளுக்கு அக்காரவடிசல். பாலிலேயே குழைந்த அரிசி, வெல்லம், விரலிடுக்கில் இறங்கும் நெய். இருட்டு பிரியாத நேரத்தில் நான் பையை மாட்டிக்கொண்டு கிளம்ப, அப்பா வேர்க்க விறுவிறுக்க வாசலில் ஏறினார்.

"நல்ல வேளை, கிளம்பறதுக்குள்ள வந்துட்டேன். கையை நீட்டு."

"வெறும் வயித்தோட வரணும்னு சொல்லியிருக்காப்பா."

"பிரசாதம்டி. ஏகாதசிக்கே இதுக்கு விலக்கு உண்டு. பெருமாள் குடுக்கறதை வேண்டாங்கலாமா?"

எங்கள் வீட்டில் இதற்கு மறுப்பே கிடையாது. மற்றவர்கள் வீட்டில் சாதம் சாதம்தான். எங்கள் வீட்டில் கோயிலிலிருந்து வந்தது சாப்பாட்டுக் கணக்கில் சேராது. அம்மா காய்ச்சலில் கிடந்து கஞ்சியே வேண்டாம் என்ற நாட்களிலும் பிரசாதத்துக்கு வாயைத் திறந்திருக்கிறாள். நானும் கையை நீட்டினேன். ஒரு வாய் அல்ல, தொன்னையையே காலி செய்துவிட்டு, கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு செங்கல்பட்டு பஸ்ஸைப் பிடித்தேன்.

"கடைசியா எப்போ சாப்பிட்டீங்க?" என்று ரத்தம் எடுக்கும்போது கேட்டார்கள். நேற்று ராத்திரி என்றேன். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லை.

சாயந்திரம் டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "வெறும் வயித்துல சர்க்கரை இவ்வளவா? கொழுப்பும் ஏறியிருக்கு. வீட்டுல யாருக்காவது சர்க்கரை உண்டா?"

"அப்பாவுக்கு உண்டு, சார்."

அவர் தலையை ஆட்டிவிட்டு, தற்காலிகமாகத் தகுதியில்லை என்று பதிந்துவிட்டார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் அழுகை முட்டிக்கொண்டு வர, கைக்குட்டையை எடுத்து முகத்தில் வைத்தேன். ஏலக்காயும் நெய்யும் கமகமவென்று மணத்தன. பஸ் என்றும் பார்க்காமல் தலையில் அடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் டாக்டரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். சிரிக்காமல் கேட்டார், நல்ல மனிதர். "கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சும்மா. ஒரு மாசம் கழிச்சு சர்க்கரை டாக்டரைப் பார்த்துட்டு வாங்க. மறுபடி எடுக்கலாம்" என்றார். அந்த ஒரு மாதத்துக்குள் கம்பெனித் தேர்வு வந்தது, போனது.

அப்பா இரண்டு நாள் என் முகத்தையே பார்க்கவில்லை. மூன்றாம் நாள் காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர் வேலை இருப்பதாகச் செய்தி கொண்டுவந்தார்.

"சேர்ந்துடும்மா. இது பெருமாள் சொல்ற பதில்னு வெச்சுக்கோ."

"பெருமாளா சொன்னார்? நெய்தானே சொல்லித்து!" என்று கத்திவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். கத்தியதற்குக் காரணம் அவர்மேல் இருந்த கோபம் மட்டுமில்லை. ஒரு தொன்னை அக்காரவடிசல் கவிழ்த்துவிடுகிற வேலையை நம்பி வாழ்க்கையை வைக்கலாமா என்ற பயம் எனக்கே வந்திருந்தது. காது கொஞ்சம் மந்தமானால் போச்சு, நெஞ்சு ஒரு துடிப்பு தப்பினால் போச்சு. இப்படி வருடா வருடம் உடம்பைத் தட்டில் வைத்து நீட்ட வேண்டும். டீச்சருக்கு இதெல்லாம் உண்டா? நிம்மதியாகப் பிரசாதம் சாப்பிடலாம். பள்ளிக்கூடத்துக்குச் சரி என்று சொல்லிவிட வேண்டியதுதான் என்று ஒரு நாளில் நாலு தடவை நினைப்பேன். போனை எடுப்பேன், வைப்பேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. ஏரிக்கரைவரை வேகவேகமாக நடந்துவிட்டு, அதே வேகத்தில் திரும்பி வருவேன்.

அப்படி ஒரு காலையில் பால் ஊற்றும் அக்கா வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா பாப்பா, ஒனக்கு இன்னும் ஏரோப்ளேன் குடுக்கலியா? எம்பொண்ணும் ஒன்னிய பாத்துட்டு அதான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நின்னுக்கினு கீது. சேக்கலாமா, வோணாமா? நெஜத்த சொல்லு."

கேட்டாளோ இல்லையோ, கொட்டித் தீர்த்துவிட்டேன். படிப்புக்கு ஆகும் செலவு, படித்த பிறகு காத்திருப்பது, வேலை கிடைத்தாலும் தூக்கம் போவது, நாள் கிழமை போவது, உடம்புப் பரிசோதனை, எல்லாவற்றையும். பால் சொம்பு கையில் இருப்பதே மறந்துபோயிற்று. அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"இம்மாங் கஸ்டம் கீதுன்னா, நீ இன்னாத்துக்கு இன்னும் அதையே புட்ச்சிக்கினு கீறே?"

"அதுதான்க்கா தெரியல. விட முடியல" என்றேன்.

"அப்பொ வோணாம்னு சொல்லாத" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

அன்றைக்கே டாக்டரிடம் மறுபடி நாள் வாங்கினேன், நடுவில் சர்க்கரை டாக்டரையும் பார்த்துக்கொண்டேன். கையில் எந்த அழைப்பும் இல்லை, சான்று கிடைத்தாலும் வேலை என்று ஒன்று இல்லை. பள்ளிக்கூடத்துக்கும் போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டேன்; அதை அம்மா அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டும்.

சோதனை நாள் காலையில் நான் செருப்பை மாட்டும்போது அப்பா கோயிலிலிருந்து வந்தார். இரண்டு கையும் வெறுமையாக இருந்தன. கோயிலில் ஏதாவது ஆகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"பெருமாள்கிட்ட சொல்லிட்டு வந்துட்டேன். குழந்தைக்கு இன்னிக்கு வேண்டாம்னு" என்றார். தெருவைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். தண்ணீர் குடிக்கலாமா என்று மட்டும் கேட்டார். குடிக்கலாம் என்றேன். அவரே போய் ஒரு டம்ளர் கொண்டுவந்து கொடுத்தார்.

கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் கேட்டதும், "நேத்து ராத்திரி சார். பிரசாதமும் இல்லை" என்றேன். இந்தத் தடவை அவர் சிரித்தார். சாயந்திரம் தகுதி என்று வந்தது. ஒரு வருடத்துக்கு.

வீட்டுப் படி ஏறும்போதே பால்காரக்கா எதிரே வந்து, "இன்னா, வேல கெடச்சிச்சா?" என்றாள்.

"இல்லக்கா. இன்னும் ஒரு வருஷம் தேடலாம்னு சொல்லிட்டாங்க."

உள்ளே அம்மா என்னைப் பார்த்ததும் பொரிந்து தள்ளினாள். "சர்க்கரை வியாதிக்காரர் பட்டினி கிடக்கலாமோ? காலைலேர்ந்து சொல்றேன், காதுலயே போட்டுக்கல. குழந்தை வந்துடட்டும், குழந்தை வந்துடட்டும்னு!"

அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் வாடிக் கறுத்திருந்தது. மத்தியானம் கோயிலுக்குப் போய் எடுத்துவந்த தூக்கு எதிரில் மூடியபடியே இருந்தது. எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவர் எதிரில் உட்கார்ந்து கையை நீட்டினேன்.

தூக்கைத் திறந்து ஒரு பிடி பொங்கலை எடுத்தவர், என் கைக்கு மேலே கொண்டுவந்து அப்படியே நிறுத்தினார்.

"அடுத்த டெஸ்ட் எப்போ?"

"அடுத்த வருஷம்பா. மாசியில."

"சரி" என்று கையில் வைத்தார். "அப்போ இன்னிக்கு நன்னா சாப்பிடு."