கழட்ட ஒண்ணும் இல்லாதவ

எனக்கும் எம் மூத்த ஓர்ப்படியாளுக்கும், அதான் எங்க வீட்டுக்காரரோட அண்ணன் பொண்டாட்டிக்கும், காது ஒரே மாதிரிதான். சின்னப்பிள்ளையிலேயே குத்தி, தோள் தொடுத வரைக்கும் வடிச்ச காது. அவளுக்கு அப்பன் வீட்டுல பாம்படம் போட்டு அனுப்புனாங்க. எங்க அப்பா 'கல்யாணத்துக்குப் போடுதேன்'னாரு, பெறகு 'தலைப்பிரசவத்துக்கு'ன்னாரு, போடாமலே போய்ச் சேந்துட்டாரு. தென்காசியில எங்க வேதக்கோயில்ல அவ முன் பெஞ்சுல உக்காந்து பாடும்போது ரெண்டு காதுலயும் தங்கம் ஆடும். நான் பின்னால முக்காட்டை இழுத்துவிட்டுக்கிட்டு, ஜெபம் முழுக்க அதைத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன். எம்மா, வயிறு அப்படி எரியும்!

ஒரு சாரல் காலத்துல, குற்றாலத்துல தங்கியிருந்த காவி கட்டின பிரசங்கியார் ஒருத்தர் எங்க கோயிலுக்கு வந்தாரு. பெஞ்சை எல்லாம் வெளியே தூக்கிப் போடச் சொன்னாரு. ஆர்மோனியத்தை மூடச் சொல்லிட்டாரு. எல்லாரும் பாயில உக்காந்தோம். "ஆண்டவர் மாட்டுக்கொட்டில்ல பொறந்தாரு. அவரைக் கும்பிட வாரதுக்கு எதுக்கு இவ்வளவு ஆடம்பரம்? நகையைக் கழட்டுங்க"ன்னாரு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே கொண்டாட்டம். வாடி வா, இனிமே நீயும் நானும் ஒண்ணுதானேன்னு நெனச்சேன்.

மறு ஞாயித்துக்கிழமை ஓர்ப்படியா எந்திரிச்சுப் போயி, பாம்படத்தைக் கழட்டி பிரசங்கியார் முன்னால விரிச்சிருந்த வெள்ளைத் துணியில வச்சா. அவ்வளவுதான், கோயிலே அழுதுட்டு. இந்த மனசு யாருக்கு வரும்னு ஆளாளுக்கு அவ கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. எங்க வீட்டுக்காரரு என் பக்கம் திரும்பி, "ஏட்டி, எளிமைன்னா என்னன்னு மதினியைப் பாத்துப் படிச்சுக்கோ"ங்காரு. மாத்துச் சேலைக்கே வழியில்லாதவ எளிமை படிக்கணுமாம்! இப்ப அவ காதும் வெறுங்காது, எங் காதும் வெறுங்காது. ஆனா அவ காதுல பக்தி தொங்குது, எங் காதுல தரித்திரம் தொங்குது. இது எந்த ஊர் நியாயம்?

ஆராதனை முடிஞ்சு வாசலுக்கு வந்தோம். அங்கன நின்னு எல்லாருக்கும் ஆசி சொல்லிக்கிட்டு இருந்த பிரசங்கியார் என் காதைப் பாத்தாரு. "நீங்க பாக்கியவதிம்மா. விடுததுக்கு உங்களுக்கு ஒண்ணுமே இல்ல"ன்னு பிரியமாத்தான் சொன்னாரு. வந்துச்சு பாருங்க எனக்கு ஆத்திரம்.

"ஐயா, அந்தப் பாக்கியத்தைப் பின்னால நிக்குத எங்க அக்காளுக்கே குடுத்திருங்க. உள்ள துணியில கெடக்குத பாம்படத்தை ஒரே ஒரு ஞாயித்துக்கிழமைக்கு எனக்குக் குடுங்க. நானும் போட்டுட்டுக் கழட்டுதேன்"னேன்.

அவர் வாயைத் திறக்கதுக்குள்ள, எனக்குப் பின்னால நின்ன ஓர்ப்படியா பதறிப்போயிச் சொன்னா: "ஐயோ, அது எம் பாம்படம்லா!"