ஏழு மெழுகுக் கட்டிகள்

2024 ஏப்ரல் 18, வியாழன், காலை பதினொன்று பத்து. வெயில் முப்பத்தொன்பது டிகிரி, காற்றே இல்லை. தாபோடியிலிருந்து கேம்ப் என்ற பகுதிக்குப் போகும் ஆட்டோவில் நானும் என் மனைவியும். மடியில் டிபன் டப்பா. அதற்குள் ஐஸ் மேல் பிளாஸ்டிக் பையில் ஏழு மெழுகுக் கட்டிகள், பதினான்கு கண்ணாடித் தகடுகள்.

மாதவிடாய் நின்று பதினாறு வருடம் கழித்து அவளுக்கு மறுபடி ரத்தம் பட்டது. ஸ்கேனில் இடது சினைப்பையில் கட்டி. கர்ப்பப்பையோடு சேர்த்து எடுத்துவிட்டார்கள். எடுத்ததில் சிறு துண்டுகளை மெழுகில் பதித்து, மெல்லச் சீவி, கண்ணாடியில் வைத்துப் பார்க்கிறார்கள். புற்றுநோய் என்றது அறிக்கை. திங்கட்கிழமை முதல் ஆறு கீமோ. ஆனால் அறுவை செய்த டாக்டரம்மாவுக்கே மனது ஒப்பவில்லை. பெண்களுக்கு வரும் புற்றுநோயை மட்டுமே பார்க்கும் ஒருவரிடம் இவற்றைக் காட்டச் சொன்னார்.

எனக்கு ஒரே பயம், மெழுகு உருகிவிட்டால்? இன்னொரு முறை வெட்டியெடுக்க உள்ளே ஒன்றும் மிச்சமில்லை.

"ஏங்க, எத்தன வாட்டி தொறந்து எண்ணுவீங்க? உள்ள சூடு போவுதில்ல?"

"ஆறுதான் இருக்கு."

"அடியில பாருங்க."

ஏழு.

"நாப்பத்தாறு வருஷத்துல என்னைய இவ்ளோ பத்திரமா எங்கயாச்சும் கூட்டிட்டுப் போயிருக்கீங்களா? துண்டு துண்டா வெட்டினாதான் ஐயாவுக்கு அக்கறை வருது."

ஆட்டோ குலுங்கும்போதெல்லாம் வயிற்றில் கை வைத்துக்கொண்டுதான் இந்தப் பேச்சு.

அவருடைய பரிசோதனைக் கூடத்தில் இருந்த மராட்டிப் பெண் ஐஸைப் பார்த்துச் சிரித்தாள். "காகா, யே மோம் இத்னா ஜல்தி நஹி பிகல்தா." இந்த மெழுகு அவ்வளவு சீக்கிரம் உருகாதாம், ஐம்பது டிகிரிக்கு மேல் போனால்தான் உருகுமாம்.

"இவரு முப்பத்தொம்பதுலயே உருகிட்டாரு" என்றாள் என் மனைவி என்னிடமே.

சனிக்கிழமை மாலை ஆறு நாற்பதுக்கு டாக்டரம்மாவின் போன். முதலில் நினைத்த வகை இல்லை. கிரானுலோசா செல் கட்டி என்ற அபூர்வமான ஒன்று. அதுவே ஹார்மோன் சுரந்ததால்தான் ரத்தம் பட்டிருக்கிறது. உடையாமல் சினைப்பைக்குள்ளேயே இருந்ததால் அறுவையே போதும், கீமோ வேண்டாம். ஆனால் பல வருடம் கழித்தும் திரும்பக்கூடியது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டும். எத்தனை முறை என்று கேட்டேன். கணக்கு வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார்.

அவளிடம் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப வருஷக்கணக்கா நீங்க கூட வரணும். சாவற வேலையெல்லாம் தள்ளிப் போடுங்க."

இன்னொருவரிடம் காட்டிய அந்த இரண்டாவது பார்வைக்கு, ஆட்டோக் கூலியும் சேர்த்து, எனக்கு ஆன செலவு நாலாயிரத்து அறுநூற்று இருபது ரூபாய்.