குன்றத்தூர் அடிவாரத்தில் சன்ரூஃப் திறக்கிறது

தங்கை செல்வியின் புதுக் காருக்குப் பூஜை போடக் கோவளத்திலிருந்து கிளம்பியிருக்கிறோம். பின் சீட்டில் என் பக்கத்தில் அப்பா. தாம்பரம் தாண்டியதிலிருந்து அவர் கண் சன்ரூஃப்மேலேயே இருக்கிறது.

"அதத் தொற செல்வி, நின்னுகினு வரேன். எத்தினி வருசமா போட்ல நின்னுகினு போறேன்?"

"கடல்ல நில்லு நைனா. ரோட்ல நான் பிரேக் அடிச்சா நீ இன்னா ஆவ? பெல்ட்ட போடு."

படகில் இவர் ஓர் அதட்டு போட்டால் எல்லாரும் அடங்கிவிடுவார்கள். இப்போது முணுமுணுத்துக்கொண்டே பெல்ட்டை மாட்டுகிறார்.

குன்றத்தூர் மலையடிவாரம். வண்டியை ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக்கை இழுத்த பிறகுதான் செல்வி சன்ரூஃபைத் திறக்கிறாள். "இப்ப நில்லு."

அப்பா நெஞ்சுவரை வெளியே எழுந்து கடைத்தெருவை ஒரு சுற்றுப் பார்க்கிறார். பூக்கடை அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இன்னா பெரியவரே, ஓட்டு கேக்க வந்துகீறீங்களா?"

"எம் பொண்ணு காரும்மா!" தெருவுக்கே கேட்கிறது.

"அப்ப மேல வரைக்கும் நின்னுகினே போங்க, ஜோராக்கீது!"

செல்வி திரும்பிப் பார்க்கிறாள். அவ்வளவுதான், அப்பா உட்கார்ந்துவிடுகிறார்.

"கை உள்ள வந்துச்சா நைனா?"

இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டுகிறார். அதைப் பார்த்த பிறகே அவள் பட்டனை அழுத்துகிறாள்.

அப்பா ஜன்னல் வழியாகப் பூக்கடை அக்காவிடம் முறையிடுகிறார். "எங்க வுடுறாம்மா இவ? நான் சொன்னாக்கூட கேக்க மாட்டா."

மலைமேல் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்த குருக்களிடமும், அவர் எதுவும் கேட்காமலேயே, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்கிறார்:

"நான் சொன்னாக்கூட கேக்க மாட்டா சாமி!"