பன்னேர்கட்டா ரோட்டில் கடல் இக்வானாவைத் தேடி

மகள் மீனாவுக்கு ஏழு வயது. ஒக்கலிபுரத்தில் அவள் அம்மா சுதாவோடு இருக்கிறாள். நான் ஹெப்பகோடியில் தனியாக, பயணக் கட்டுரைகள் எழுதிக்கொண்டு. மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் அவள் என்னோடு. போன மாதம் ஷாப்பிங் மாலில் நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். "இந்தத் தடவையும் பிடிக்கலன்னா கட்டாயப்படுத்தி அனுப்ப மாட்டேன்" என்று சுதா சொல்லிவிட்டாள். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

கடலில் நீந்தும் பல்லி என்றால் மீனாவுக்கு உயிர். பல்லி என்று சொல்ல மாட்டாள், பள்ளிக்கூடத்துக் கன்னடத்தில் 'ஹல்லி'தான். பன்னேர்கட்டா ரோட்டில் ஒரு தனியார் பிராணிப் பூங்காவில் அந்தப் பல்லி, அதாவது கடல் இக்வானா, இருப்பதாக விளம்பரம் பார்த்தேன். காலை ஒன்பதரைக்கு மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் பஸ். ஒன்றேகால் மணி நேரம். நுழைவு பெரியவருக்கு 200, குழந்தைக்கு 100.

கூண்டில் பச்சைப் பசேலென்று ஒன்று கீரை தின்றுகொண்டிருந்தது. "இதேதான் சார், சமுத்திரத்துல இருக்கிறது" என்றார் கூண்டைப் பார்த்துக்கொள்பவர். "ஹல்லி சூப்பர்!" என்று மீனா குதித்தாள். அடக் கடவுளே, அது மரத்தில் வாழும் இக்வானா! வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம், மனசு கேட்கவில்லை.

"இது அது இல்லடா கண்ணு. அது கலாபகஸ் தீவுகள்லதான் இருக்கு."

"அப்போ ஏன் கூட்டிட்டு வந்தே?" அழுகை.

தொலைந்தேன் என்று நினைத்தேன். வெளியே வெயிலில் ஒரு கருங்கல் மேடை. சட்டென்று அதில் குப்புறப் படுத்தேன். "அது இப்படித்தான் படுத்திருக்கும். ஜில்லு தண்ணிக்குள்ள முங்கிப் பாறைப் பாசிய மேஞ்சிட்டு வந்தா உடம்பு விறைச்சிடும். வெயில் ஏறினாத்தான் திரும்ப சுறுசுறுப்பு வரும்." உள்ளே போன உப்பை மூக்கு வழியாகத் தள்ளுவதைத் தும்மிக் காட்டினேன். பாசி கிடைக்காத காலத்தில் உடம்பே குட்டையாகிவிடும், கிடைத்ததும் பழையபடி நீளும் என்றேன். போகிற வருகிறவர்கள் எல்லாம் இந்த ஆளுக்கு என்ன ஆச்சு என்று பார்த்தார்கள்.

"ராத்திரில?"

"ஒண்ணு மேல ஒண்ணு குவிஞ்சு தூங்கும், சூடு போகாம."

மீனா என் முதுகில் ஏறிப் படுத்துக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளை விட்டால் என்னைத் தொட ஆள் கிடையாது.

ஐந்து மணிக்கு ஒக்கலிபுரம் வாசலில் சுதா கேட்டாள்: "அடுத்த மாசம் அப்பாகூடப் போறியா?"

மீனா இல்லையென்று தலையாட்டினாள்.

"அடுத்த வாரம்" என்றாள்.

"மாசத்துல ஒரு தடவைதான்" என்று சுதா கதவைச் சாத்தினாள்.

போகிறவர்களுக்கு: கடல் இக்வானா அங்கே கிடையாது, விளம்பரத்தை நம்ப வேண்டாம். தொப்பியும் தண்ணீரும் அவசியம். மதியத்துக்கு மேல் கல் சுடும். இந்த மாதிரி இடத்துக்கெல்லாம் ஒரு நாள் தாராளம் என்று நானே பல தடவை எழுதியிருக்கிறேன். போதவில்லை.